வீட்டுக்குள் ஓடும் சைக்கிள்: மீட்டரின் சென்சாரை எங்கே பொருத்துவது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு ஓர் அம்மையார் தம் கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அவருக்கு வயது 54. வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கர். இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, நலமாக வீடு திரும்பியவர். இரண்டு நாட்களாக நெஞ்சில் ஓர் இறுக்கம் இருந்தும் எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த அம்மையார் கூறிய முதல் வாக்கியம் இன்னும் எங்கள் நினைவில் நிற்கிறது: "மீட்டர்ல பதினஞ்சு வராம இறங்க மாட்டேங்கிறாரு டாக்டர். நீங்கதான் பதினஞ்சு சொன்னீங்களாம்."

உடனே இ.சி.ஜி. எடுத்தோம், இரத்தப் பரிசோதனைகளும் செய்தோம். இதயத்தசைக்குப் புதிய பாதிப்பு ஏதும் இல்லை. ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் அனுப்பினோம். ஆயினும் அந்தப் "பதினைந்து" எங்களை உறுத்தியது. ஏனெனில் அதை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களேதான். எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அவர் மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஓட்டினார். அதைக் கண்டு, "தினமும் 20 நிமிடம், வேகம் 15" என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதினோம். வீட்டில் எந்தச் சைக்கிளில் ஓட்டப்போகிறார், அந்த 15-ஐ அவருக்குக் காட்டப்போவது எந்தக் கருவி என்று நாங்கள் கேட்கவில்லை.

அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு, அவர் கதையை இங்கே எழுதுகிறோம். வீட்டிலேயே சைக்கிள் ஓட்டும் பிற நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இது பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

நின்ற இடத்தில் ஏன் ஓட்டச் சொல்கிறோம்?

யானைக்கவுனியில் வாழ்பவர்களுக்கு இக்கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை. பழைய நகர மதிலின் வாயில் ஒன்றால் பெயர் பெற்ற இப்பகுதியில், இன்று விடியற்காலையிலேயே சரக்கு வாகனங்களும் மூன்று சக்கர வண்டிகளும் தெருவை நிறைத்துவிடுகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கண்டெய்னர் லாரிகள். அறுவை சிகிச்சையோ ஸ்டென்ட் சிகிச்சையோ முடிந்து சில வாரங்களே ஆன ஒருவரை, அந்த நெரிசலிலும் டீசல் புகையிலும் சைக்கிள் ஓட்டச் சொல்வது முறையாகாது. நடைப்பயிற்சிக்குப் பூங்கா அருகில் இல்லாதவர்கள் பலர். மூட்டு வலியால் நடக்க இயலாதவர்களும் உண்டு. சைக்கிள் இருக்கை உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால், முழங்காலுக்கு நடையைவிட அது இதமானது.

இவர்களுக்கு உதவுவது சைக்கிள் டிரெய்னர் ஸ்டாண்டு. வீட்டில் இருக்கும் சைக்கிளின் பின்சக்கர அச்சை இரு பக்கமும் பற்றித் தூக்கி நிறுத்தும் இரும்புச் சட்டம் அது. பின் டயர் ஒரு சிறு உருளையின்மேல் சுழலும். உருளையோடு இணைந்த காந்தமோ விசிறியோ திரவமோ அதற்கு எதிர்ப்புத் தரும். சைக்கிள் நகராது, கால்கள் மட்டும் உழைக்கும்.

இதய நோயாளிகள் அசையவே கூடாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும், அத்தகைய நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைப்பது நல்லது என்று எழுதியபோது அதுவே துணிச்சலாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டு, இலண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெரி மோரிசும் அவர் குழுவினரும், உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறியிறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டறிந்தனர். இன்று உடற்பயிற்சி, மாத்திரையைப் போலவே எழுதித் தரப்படும் மருந்து. மருந்து என்றால் அளவு வேண்டும். அளவுக்கு நம்பத்தகுந்த அளவுகோல் வேண்டும். எங்கள் கணக்கருக்குத் தவறியது அங்கேதான்.

அந்த வீட்டில் கண்டது

எங்கள் இயன்முறை மருத்துவர் அந்த வாரமே அவர் வீட்டுக்குச் சென்றார். மாடியில் ஒரு சிறு கூடம். அவர் மகன் கல்லூரிக்குச் சென்றுவந்த கியர் இல்லாத சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. ஹேண்டில்பாரில் இருக்கவேண்டிய மீட்டர், இருக்கைக்கு முன்னால் உள்ள மேற்குழாயில் கட்டப்பட்டிருந்தது. காரணம் எளியது. அந்த மீட்டர் தெருவில் ஓட்டுவதற்காக வாங்கப்பட்டது. அதன் சென்சார் முன் ஃபோர்க்கில் இருந்தது. ஸ்டாண்டில் முன்சக்கரம் சுழலாது. எனவே முதல் வாரம் முழுவதும் மீட்டர் பூஜ்யத்தையே காட்டியது. மகன் சென்சாரைக் கழற்றிப் பின்சக்கரத்துக்கு மாற்றினார். ஒயர் போதவில்லை, ஆகவே மீட்டரையும் பின்னுக்கு நகர்த்தினார். அதுவரை அவர் செய்தது முற்றிலும் சரியே.

பிழை ஒரு சிறு இடைவெளியில் இருந்தது. கம்பியில் மாட்டிய காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தூரம். அதனால் சக்கரம் சுற்றும்போது சில சுற்றுகளைச் சென்சார் உணர்ந்தது; சிலவற்றைத் தவறவிட்டது. ஏறத்தாழப் பாதிதான் கணக்கில் ஏறியது.

எங்கள் இயன்முறை மருத்துவர் அதைக் கண்டுபிடித்த விதம் எவரும் செய்யக்கூடியது. அவரை மெதுவாக ஓட்டச் சொல்லி, வலது முழங்கால் மேலே வரும் ஒவ்வொரு முறையையும் எண்ணினார், நிமிடத்துக்கு 50. முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18. அப்படியானால் பெடல் 50 முறை சுற்றும்போது பின்சக்கரம் 122 முறை சுற்றும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 122 சுற்றுக்கு 256 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மீட்டரோ 8 காட்டியது. அதாவது நாங்கள் எழுதிக் கொடுத்த வேகத்தை அவர் முதல் நாளே எட்டிவிட்டார். மீட்டரில் 15-ஐப் பார்ப்பதற்காக நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு முறை என மிதித்து, குறித்துத் தந்த அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உழைப்பைத் தம் ஆறிவரும் இதயத்தின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெம்பே வரலன்னு நினைச்சேன் டாக்டர்" என்று பின்னர் எங்களிடம் சொன்னார். இடைவெளியைச் சரிசெய்ய ஆனது ஐந்து நிமிடம்.

மீட்டர் எவ்வாறு கணக்கிடுகிறது?

சாதாரண சைக்கிள் மீட்டருக்கு வேகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது, காந்தம் எத்தனை முறை தன்னைக் கடந்தது என்பது மட்டும். சென்சாருக்குள் பெரும்பாலும் ரீடு சுவிட்சு எனப்படும் எளிய கருவி இருக்கும். 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்ட்டர் எல்வுட் உருவாக்கியது அது. சிறு கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். ஒவ்வொரு ஒட்டுதலும் ஒரு சுற்று. அந்தச் சுற்றை, நாம் மீட்டரில் பதித்துவைத்த டயர்ச் சுற்றளவால் பெருக்கி, தூரமாகவும் வேகமாகவும் காட்டுகிறது.

ஆகவே மூன்று செய்திகள் சரியாக இருந்தாக வேண்டும்: சுழலும் சக்கரத்தில் சென்சார் இருக்கவேண்டும், ஒரு சுற்றும் தவறாமல் அது உணரவேண்டும், சுற்றளவு சரியாகப் பதிந்திருக்கவேண்டும்.

பொருத்தும் முறை

இவ்வேலையை நோயாளி தாமே குனிந்து செய்யவேண்டாம். வீட்டில் உள்ள மகனோ மகளோ, பழகிய சைக்கிள் கடைக்காரரோ செய்து தரட்டும்.

1. முதலில் சைக்கிளை ஸ்டாண்டில் உறுதியாகப் பூட்டுங்கள். சைக்கிளின் சொந்த ஸ்டாண்டும் கேரியரின் கால்களும் அச்சில் இருந்தால் அவை இடிக்கும், கழற்றிவிடுங்கள். அச்சின் நட்டு, டிரெய்னரின் பிடிக்குள் ஒழுங்காக அமரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக இறுக்காமல் கடையில் காட்டுங்கள். சைக்கிளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிடி நழுவக் கூடாது. முன்சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை வைத்து, சைக்கிள் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள்.

2. பின்சக்கரத்தின் இடப்புறத்தைத் தேர்ந்தெடுங்கள். வலப்புறம் செயினுக்கு உரியது. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் செல்லும் கீழ்க்குழாயிலோ, இருக்கையின் அடியிலிருந்து பின்அச்சுக்கு இறங்கும் குழாயிலோ சென்சாரை வையுங்கள். அடியில் பழைய டியூப்பிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு வைத்தால் வழுக்காது. இப்போது முழுதாக இறுக்க வேண்டாம்.

3. காந்தத்தை இடப்புறக் கம்பி ஒன்றில் மாட்டுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, காந்தம் சென்சாரில் உள்ள கோட்டுக் குறிக்கு நேராகக் கடக்கிறதா என்று பாருங்கள். காந்தம் கம்பியில் எந்த உயரத்தில் இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் கடக்கும். எனவே உயரத்தால் கணக்கு மாறாது.

4. இடைவெளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம் அது. இடைவெளி அதிகமானால் ரப்பர்த் துண்டைத் தடிமனாக்குங்கள்; அல்லது காந்தத்தை அச்சை நோக்கி நகர்த்துங்கள், பெரும்பாலும் நெருங்கிவரும். சக்கரத்தில் பெண்டு இருந்தால், ஓரிடத்தில் உரசி மற்றோரிடத்தில் விலகும். முதலில் பெண்டு எடுத்துவிடுங்கள்.

5. இடைவெளி சரியானதும் கேபிள் டை கொண்டு இறுக்கி, நீட்டிய முனையை நறுக்கிவிடுங்கள். கூரான முனை கணுக்காலைக் கீறும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும்.

6. ஒயர் உள்ள மீட்டராயின், ஒயரைக் குழாயோடு சேர்த்து ஆங்காங்கே கட்டுங்கள். பெடலிலோ கம்பியிலோ சிக்கும் தளர்ச்சி இருக்கக் கூடாது. ஒயர் எட்டாவிட்டால், மீட்டரை மேற்குழாய்க்கு மாற்றலாம். ஆனால் அதைப் பார்க்கத் தலையை நெடுநேரம் குனியவேண்டி வந்தால், கடையில் ஒயரை நீட்டித் தரச் சொல்வதே நன்று.

7. ஒயர் இல்லாத மீட்டராயின், ஹேண்டில்பாரில் உள்ள திரைக்கும் பின்சக்கரச் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். முன்சக்கரத்துக்கென்றே செய்யப்பட்ட எளிய மீட்டர்கள் சில, அத்தூரத்தில் சமிக்ஞையை இழந்துவிடும். அருகில் ஓடும் மின்விசிறி மோட்டாரும் இடையூறு செய்யலாம்.

8. காந்தமே வேண்டாத சென்சார்களும் உண்டு. சக்கரத்தின் நடு அச்சுக்குடத்தில் ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் போதும். சுழற்சியைத் தாமே உணரும். டிரெய்னருக்கு இவையே மிக எளியவை. ஆனால் ஜி.பி.எஸ். உள்ள மீட்டரானால், வீட்டுக்குள் ஓட்டும்போது அதை அணைத்துவிட்டுச் சுற்றளவைக் கையால் பதியுங்கள். கைபேசிச் செயலியை மட்டும் நம்பினாலும் இதே சிக்கல்தான். நீங்கள் நகரவே இல்லை என்று அது சொல்லும்.

சுற்றளவைக் காண: டயரில் காற்றை வழக்கமான அளவுக்கு அடைத்து, டயரின் அடியிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை சைக்கிளை நேராகத் தள்ளி, தரையில் மறு கோடு போட்டு, இஞ்ச் டேப்பால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். பெரியவர்களின் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 2050-க்கும் 2230-க்கும் இடையில் வரும். கடையில் பதித்துத் தந்த எண் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டாம்.

சரிபார்க்க இரண்டு சோதனைகள்

முதலாவது, ஐம்பது சுற்றுச் சோதனை. டயரிலிருந்து உருளையை விலக்கிவிட்டு, மீட்டரின் தூரத்தைப் பூஜ்யமாக்கி, சக்கரத்தைக் கையால் ஐம்பது முறை சுழற்றுங்கள், நிற்காமல், நிதானமாக. சுற்றளவு 2.1 மீட்டரானால் 105 மீட்டர் வரவேண்டும், திரையில் 0.10 அல்லது 0.11 கிலோமீட்டர் தெரியும். 0.05 தெரிந்தால் பாதிச் சுற்றுகள் தவறுகின்றன, இடைவெளி அதிகம். 0.21 தெரிந்தால் சக்கரத்தில் இரண்டு காந்தங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய காந்தத்தைக் கழற்றாமலே புதியதை மாட்டிவிடுவது அடிக்கடி நேரும் மறதி. அப்போது மீட்டர் இருமடங்கு காட்டும். நோயாளி உண்மையில் பாதிதான் உழைத்திருப்பார்.

இரண்டாவது, முழங்கால் சோதனை. வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, நோயாளியின் வலது முழங்கால் மேலே வருவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கட்டும். கியர் மாற்றாதவரை, அதே மிதிவேகத்துக்கு மீட்டர் எப்போதும் அதே வேகத்தைக் காட்டவேண்டும். ஒரு நாள் 50 மிதிக்கு 15, மறுநாள் 50 மிதிக்கு 9 என்றால், மாறியது உங்கள் இதயமன்று. சென்சார் நகர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறது.

மீட்டரே இல்லாதவர்கள் வருந்தவேண்டாம். கடிகாரமும் முழங்கால் எண்ணிக்கையும் இருந்தாலே எங்களுக்குப் போதிய குறிப்பு கிடைத்துவிடும்.

மீட்டர் சொல்லாதது

சென்சார் முற்றிலும் சரியாக இருந்தாலும், வேகம் என்பது உழைப்பு ஆகாது. உருளையை டயரின்மேல் இன்னும் இரண்டு திருகு இறுக்கினால், அதே 15 கிலோமீட்டருக்கு அதிக வலு தேவைப்படும். டயரில் காற்று குறைந்தாலும் அப்படியே. எனவே தினமும் ஓட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். உருளையை எத்தனை திருகு இறுக்கினீர்கள் என்பதையும், எதிர்ப்பின் நிலை எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்றைய உங்கள் எண்ணை, அதே ஸ்டாண்டில் நேற்றைய உங்கள் எண்ணோடு மட்டுமே ஒப்பிடலாம். மருத்துவமனைச் சைக்கிளோடு ஒப்பிட இயலாது. மைத்துனர் வீட்டுச் சைக்கிளோடு ஒப்பிடவே கூடாது.

நாடித் துடிப்பும் தனியாக நம்பத்தக்கதன்று. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குக் கடுமையாக உழைத்தாலும் நாடி அவ்வளவாக உயராது. ஆகவே நாங்கள் பெரிதும் சார்ந்திருப்பது நோயாளியின் உணர்வையே. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலில், 6 என்பது சற்றும் உழைப்பில்லாத நிலை. 20 என்பது இனி முடியாது எனும் நிலை. தொடக்கத்தில் பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு 11 முதல் 13 வரை, அதாவது "இலேசு" என்பதிலிருந்து "சற்றே கடினம்" என்பதுவரை, போதுமானது. இதைவிட எளிய சோதனையும் உண்டு: ஓட்டிக்கொண்டே வீட்டாரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால், மீட்டர் என்ன காட்டினாலும் வேகம் அதிகம்தான்.

வீட்டுக்குள் எதிர்க்காற்று கிடையாது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராமல் உடல் விரைவில் சூடாகும். எனவே மின்விசிறியை நேராகத் திருப்பிவைத்து, சன்னலைத் திறந்துவைத்து, தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவை மீறவேண்டாம். தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் எதிர்ப்பின்றி மிதியுங்கள், முடிவிலும் அப்படியே. சட்டென நிறுத்தி இறங்கினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், ஓட்டுவதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வதும், குளுக்கோஸ் அருகில் வைத்திருப்பதும் அவசியம்.

பேட்டரி, காந்தம், குழந்தைகள்

மீட்டரிலும் சென்சாரிலும் உள்ளது பொத்தான் வடிவப் பேட்டரி. சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் தங்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். பழைய பேட்டரியை மேசைமேல் விடாதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். காந்தங்களை விழுங்குவதும் ஆபத்தானதே.

சுழலும் பின்சக்கரமும் உருளையும் குழந்தையின் விரலுக்குப் பொறி. தாத்தா ஓட்டும்போது பேரப்பிள்ளை பின்னால் நிற்கக் கூடாது. ஓட்டி முடித்தபின் சக்கரத்தை ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். சக்கரக் கம்பியில் மாட்டிய பின் அது போதிய தூரத்திலேயே இருக்கும்.

உடனே நிறுத்துங்கள்

நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, தாறுமாறான படபடப்பு. இவற்றுள் எது வந்தாலும் மிதிப்பதை நிறுத்தி உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தால், சொல்லியபடி பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். குறைந்துவிட்டாலும் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். நமக்குத் தோன்றியது வெறும் வாயுவாக இருக்கும் என்று இரண்டு நாள் காத்திருப்பதில் யாதொரு நன்மையும் இல்லை.

எங்கள் பங்கு

அந்தக் கணக்கரின் வருகைக்குப் பின் நாங்கள் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். வெறும் வேகத்தை இப்போது எழுதித் தருவதில்லை. எத்தனை நிமிடம், நிமிடத்துக்கு எத்தனை மிதி, உழைப்பு எந்த எண்ணில் இருக்கவேண்டும் என்றே எழுதுகிறோம். வீட்டில் ஓட்டுபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறோம்: எந்தச் சைக்கிள், எந்தச் சக்கரத்தில் சென்சார், யார் உடன் இருப்பார்? முடிந்தால் பின்சக்கரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்கிறோம். அடுத்த முறை வரும்போது நீங்களும் எடுத்து வாருங்கள்; காந்தமும் சென்சாரும் தெளிவாகத் தெரியும்படி.

அவர் இப்போது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஓட்டுகிறார். வாரத்துக்கு 150 நிமிடம். யானைக்கவுனி மேம்பாலத்தின்மேல் நின்று மூச்சு வாங்காமல் நடந்தே அலுவலகம் செல்கிறார். அவர் குறிப்பேட்டில் கணக்கருக்கே உரிய நேர்த்தியுடன் ஐந்து பத்திகள்: தேதி, காற்று, மிதி, உழைப்பு எண், வேகம். ஆறாவது பத்தி ஒன்றை அவர் மனைவியார் தம் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார். அதன் தலைப்பு: "பேசினாரா?" அன்றன்று அதில் "ஆம்" என்று அவரே எழுதிவைக்கிறார். எங்கள் பரிசோதனையில் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

புதிதாகப் பயிற்சி தொடங்க விரும்புவோர், தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.